கடற்பாலத்தில் நாலு பேர்

"சிஸ்டர், இது நண்டுக்கா, இல்ல ராத்திரி கறிக்கா?"

கேட்டவர் பிடோக் கடற்பாலத்தில் எங்களுக்குப் பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த மலாய்க்காரப் பெரியவர். எங்கள் டப்பாவிலிருந்து ஒரு கோழிக் கழுத்தை இரண்டு விரலால் தூக்கி, மூக்குக்குப் பக்கத்தில் வைத்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கேட்டார். கழுத்து மஞ்சளாக இருந்தது. டப்பாவில் இருந்த அத்தனையும் மஞ்சளாக இருந்தது.

என் வீட்டுக்காரர் சேவியர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"லூசி, நீ இதைக் கழுவினியா?"

"கழுவாம? கோழியைக் கழுவாம எப்படிங்க டப்பாவுல போடுறது?"

"மஞ்சள் போட்டா?"

"மஞ்சளும் கல்லுப்பும் போட்டுத்தான். வேற எப்படிக் கழுவுவாங்க?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வந்ததிலிருந்து வலையை இறக்குவதும் தூக்குவதுமாக இருந்தோம். ஒரு நண்டுகூட எட்டிப் பார்க்கவில்லை. நண்டு வருவதே வாடைக்குத்தான். அந்த வாடையை நான் காலையில் ஈசூனில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறையில் உரசி உரசிக் கழுவி, பொறுப்பாக சிங்க்கில் ஊற்றிவிட்டு வந்திருக்கிறேன்.

தேக்கா சந்தையில் கோழிக்காரர் படித்துப் படித்துச் சொன்னார், "தூண்டிலுக்குத்தானே அக்கா, அப்படியே கொண்டு போங்க" என்று. தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்தேன். வீட்டுக்கு வந்ததும் கை தானாக மஞ்சள் டப்பாவைத் திறந்துவிட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தக் கை கோழியைப் பார்த்தால் வேறென்ன செய்திருக்கிறது, சொல்லுங்கள்!

மூத்தவள் ஜெனி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மா, நண்டுக்குப் போய் மேரினேட் பண்ணிருக்கீங்க லா!"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவள் சிரிப்பைப் பார்த்ததும் வந்த வழியே போய்விட்டது. அந்தப் பிள்ளை வெளியிடத்தில் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் வீட்டுக்குள் உங்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

எங்கள் வீட்டு ஷிப்ட்

எனக்கு இரண்டு பெண்கள். அன்றைக்கு ஜெனிக்குப் பதின்மூன்று வயது முடிந்திருந்தது. சின்னவள் ஏஞ்சலுக்கு எட்டு. ஏஞ்சலுக்கு ஆட்டிசம். பேச்சு குறைவு. பிடித்ததைத் திரும்பத் திரும்பச் செய்வாள். திடீர்ச் சத்தமோ, எதிர்பாராமல் ஒரு மாற்றமோ வந்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். அந்த அலறல் எங்கள் புளோக்கில் நான்கு மாடிக்குக் கேட்கும். நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, லிஃப்டில் வருகிறவர்கள் சொல்லித் தெரியும்.

எங்களுக்கு அவளால் ஒரு குறையும் இல்லை. இதை நான் யாரிடமும் மெனக்கெட்டு நிரூபிக்கப் போவதில்லை. ஆனால் வெளியே போவது என்று வந்தால் வீடு இரண்டாக உடைந்துவிடும்.

சேவியர் சரக்குக் கிடங்கில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். நான் பல் மருத்துவர் ஒருவரிடம் ரிசப்ஷனில் இருக்கிறேன். வேலையில் ஒரு ஷிப்ட் என்றால் வீட்டில் இன்னொரு ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு நானும் ஜெனியும் போனால், மாலைப் பூசைக்கு அவர் தனியாகப் போவார். கல்யாண வீட்டுக்கு ஒருவர், காதுகுத்துக்கு ஒருவர். ஜெனியின் பள்ளிக்கூட நிகழ்ச்சிக்கு யார் போவது என்று காசு சுண்டிப் பார்த்த நாளும் உண்டு. நாலு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பூசை கண்டு வருஷக்கணக்காகிவிட்டது. கோயிலில் புதிதாக வந்தவர்கள் சிலர் நான் கணவர் இல்லாதவள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா என் கையைப் பிடித்து ஆறுதல்கூடச் சொன்னார். மறுக்க நேரமில்லை, நானும் வாங்கிக்கொண்டேன்.

இலையை மூடாமல் எழுந்தோம்

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததல்ல. ஆனால் அதை உறுதியாக்கியது ஜெனியின் முந்தைய பிறந்தநாள்.

சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போயிருந்தோம். ஜெனி புதுச் சட்டை போட்டிருந்தாள். சோறு வந்தது, கூட்டு வந்தது, அவளுக்குப் பிடித்த வறுவல் வந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே யாரோ ஒரு அடுக்குத் தட்டைக் கீழே போட்டார்கள். அவ்வளவுதான். ஏஞ்சல் மேசைக்கு அடியில் போய்விட்டாள். கடை முழுவதும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது.

பக்கத்து மேசை அம்மா, காதில் விழட்டும் என்றே, "அடக்கி வளர்க்கணும்" என்றார்.

எனக்கு நாக்கு சும்மா இருக்காது. "நீங்க வந்து அடக்கிக் காட்டுங்களேன், பார்ப்போம்" என்றேன். சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் திரும்பிப் பார்த்தபோது ஜெனி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். இலையைக்கூட மூடவில்லை. வறுவல் தொடாமல் அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து நாலு பேராக நாங்கள் எங்கேயும் போகவில்லை. பாதியில் ஓடிவருவதற்கு எதற்காகப் போவது என்று விட்டுவிட்டோம்.

அடுத்த பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, ஜெனி போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எதுவும் வேணாம் மா. நாலு பேரும் ஒண்ணா எங்கயாச்சும் போகணும். ஒரு ஒன் அவர். ஏஞ்சலும் வரணும், அப்பாவும் வரணும். பாதியில கிளம்பக் கூடாது. தட்ஸ் ஆல்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டேன்.

காட்டுப்பன்றிக்குப் போகாத பெண்

எங்கே போவது? பேரங்காடி வேண்டாம், சத்தம். சினிமா பேச்சே வேண்டாம். நான் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தபோது சேவியர் சொன்னார், "நண்டு பிடிக்கப் போகலாம்."

அவர் சின்ன வயதில் அவருடைய அண்ணன்மாரோடு பிடோக் பக்கம் நண்டு வலை போட்டவர். ஒரு வட்டக் கம்பி, அதில் வலை, நடுவில் இரை, மேலே நீளமாகக் கயிறு. கடலுக்குள் இறக்க வேண்டியது, காத்திருக்க வேண்டியது, இழுக்க வேண்டியது. அவ்வளவுதான் வித்தை.

"வேட்டைக்கா? பொம்பளப் புள்ளைங்களையா?" என்று என் வாயிலிருந்து வந்தது. சொன்னதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அது என் வார்த்தையே இல்லை, என் அப்பாவின் வார்த்தை.

என் அப்பா லாரி ஓட்டினார். ஜோகூரில் தோட்டத்தில் வேலை பார்த்த கூட்டாளிகள் அவருக்கு உண்டு. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தவர் ஒருவர். பள்ளி விடுமுறை வந்தால் எல்லைப் பாலம் தாண்டிப் போய் அவர்களோடு காட்டுப்பன்றிக்குப் போவார். என் அண்ணன்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போவார். நானும் வருகிறேன் என்று காலைக் கட்டிக்கொண்டு அழுதால், "பொம்பளப் புள்ளைக்குக் காட்டுல என்ன வேலை?" என்பார். திங்கட்கிழமை கறி வரும். சேறு பூசிய சட்டையோடு அண்ணன்கள் வருவார்கள். சட்டையைத் துவைப்பது மட்டும் பொம்பளப் புள்ளையின் வேலை.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், இனி சண்டை போட்டுப் பயனில்லை. ஆனால் அந்தக் கோபம் எனக்குள் அப்படியே இருந்திருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது. "போகலாம்ங்க" என்றேன். "என் ரெண்டு பொண்ணும் வேட்டைக்குப் போகட்டும்."

மார்ச் பள்ளி விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை வாய்த்தது. தவக்காலம். எங்கள் வீட்டில் தவக்கால வெள்ளியில் இறைச்சி கிடையாது, மீனுக்கும் நண்டுக்கும் தடையில்லை. அதனால் ராத்திரிக்கு நண்டுக் குழம்பு என்று திட்டம் போட்டு, மசாலாவைக் காலையிலேயே அரைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டேன். கோழிக் கழுத்தை நான் கழுவிக்கொண்டிருந்ததை சேவியர் பார்த்திருந்தால் அப்போதே தடுத்திருப்பார். அவர் கயிற்று முடிச்சுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்க்காமலே, "வெள்ளிக்கிழமை கோழியைத் தொடுறியே" என்று கிண்டல் மட்டும் செய்தார்.

"நமக்குத்தான் தவக்காலம். நண்டுக்கு என்னவாம்?" என்றேன்.

கடலைப் பார்க்கிறவர்கள்

மறுபடி பாலத்துக்கு வருகிறேன்.

அந்த மலாய்க்காரப் பெரியவரை நாங்கள் பாக்சிக் என்று கூப்பிட்டோம். இங்கே மலாய்ப் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவது. மஞ்சள் கழுத்தைப் பார்த்து மனம் இளகியோ என்னவோ, தன் பெட்டியிலிருந்து இரண்டு மீன் தலையை எடுத்துக் கொடுத்தார். குடலைப் புரட்டும் வாடை. "இது ஸ்மெல்!" என்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். சேவியர் அதை வலை நடுவில் கட்டினார்.

அதற்குள் நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். ஏஞ்சல் அதுவரை அழவில்லை.

விமானம் தாழப் பறக்கும், காதைப் பொத்துவாள் என்று காது மூடும் கருவி கொண்டு போயிருந்தேன். அது பையிலேயே கிடந்தது. அவள் கயிற்றைப் பிடித்திருந்தாள். சேவியர் வலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு தலையாட்டினால், அவள் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவாள். அது உள்ளங்கையை உரசிக்கொண்டு போவது அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. விடும்போதே ரயில் நிலையங்களின் பெயரை வரிசையாகச் சொல்லுவாள். அவளுக்கு மனப்பாடம்.

"ஈசூன். காத்திப். இயோ சூ காங். அங் மோ கியோ. பீஷான்..."

வலை தரையைத் தொடும்போது நொவீனா வந்துவிடும். மேலே இழுக்கும்போது நொவீனாவிலிருந்து ஈசூனுக்குத் திரும்பி வருவாள். வலை காலியாக வரும். தண்ணீர் சொட்டும். மறுபடி ஈசூன், காத்திப்.

இன்னொன்றும் கவனித்தேன். பெயர்களைச் சத்தமாகத்தான் சொல்கிறாள், குதிக்கிறாள், கையை உதறுகிறாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாலம் நெடுக ஆட்கள். சீனர், மலாய்க்காரர், பங்களாதேஷிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள், நைலான் நாற்காலியில் ஒரு சீன ஆன்ட்டி. அத்தனை பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூண்டில் போட்டவனுக்கு அடுத்தவன் பிள்ளை என்ன செய்தால் என்ன? அவன் கவலை எல்லாம் கயிறு ஆடுகிறதா என்பதில்தான்.

எனக்குத் தோளில் இருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது. உண்மையிலேயே தோள் வலித்தது, இத்தனை நாள் அதைத் தூக்கிப் பிடித்திருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

நண்டு வந்தது

மீன் தலை வேலை செய்தது.

நொவீனாவிலிருந்து வலை மேலே வந்துகொண்டிருந்தது. ஜெனி எட்டிப் பார்த்து, "பா! பா! இருக்கு! பெருசு!" என்று கத்தினாள். நீலப் புள்ளி போட்ட நண்டு. ஒரு தட்டு அகலம் இருக்கும். கொடுக்கை விரித்துக்கொண்டு வலையில் தொங்கியது. சேவியர் முகம் பத்து வயதுப் பையன் முகமாகிவிட்டது. எனக்கு அரைத்து வைத்த மசாலா ஞாபகம் வந்துவிட்டது. பாக்சிக்கூடக் கை தட்டினார்.

ஏஞ்சல் கயிற்றை விட்டுவிட்டு அலறினாள்.

அது பயம் இல்லை. அவளுக்கு நண்டைப் பார்த்துப் பயமே கிடையாது, சந்தையில் தொட்டே பார்ப்பாள். வலை காலியாக வர வேண்டும். அதுதான் அவளுக்கு ஒழுங்கு. காலியாகப் போய்க் காலியாக வந்துகொண்டிருந்த ரயிலில் யாரோ கேட்காமல் ஏறிவிட்டார்கள். தரையில் உட்கார்ந்து, காதைப் பொத்தி, தலையை ஆட்டி ஆட்டிக் கத்தினாள். சேவியர் நண்டை வாளியில் போட்டார். காலி வலையைக் காட்டினார். பயனில்லை. அவள் பார்வை வாளியிலேயே இருந்தது.

எனக்குப் பழகிய வேலை. பையை எடுத்தேன், டப்பாவை மூடினேன், தண்ணீர் பாட்டிலைத் திணித்தேன். "கிளம்பலாம்ங்க. டாக்ஸியைக் கூப்பிடுங்க."

சொல்லிவிட்டு ஜெனியைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஒரு மணி நேரம் ஆகியிருக்குமா? ஆகியிருக்காது. அந்தப் பிள்ளை கேட்டது ஒரே ஒரு மணி நேரம். அதைக்கூடக் கொடுக்க முடியவில்லையே ஆண்டவரே என்று உள்ளுக்குள் கத்தினேன்.

ஜெனி வாளியைத் தூக்கிக்கொண்டு கைப்பிடிச் சுவருக்குப் போனாள்.

"ஏய், என்னடி பண்றே?"

"தண்ணில விடப் போறேன்."

"வேணாம் ஜெனி! அது உன் பிறந்தநாள் நண்டு. எப்பப் பாத்தாலும் நீயே விட்டுக் கொடுக்கணும்னு என்ன சட்டமா? இன்னைக்கு வேணாம். நான் அவளைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போறேன், நீயும் அப்பாவும் இருந்து பிடிச்சிட்டு வாங்க."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் அம்மாகூட என்னை அப்படி அதட்டியதில்லை.

"மா, எனக்கு நண்டு வேணும்னு நான் கேட்டேனா?"

வாளியைக் கவிழ்த்தாள். நண்டு விழுந்த சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை. அப்புறம் குனிந்து, வலை நடுவில் கட்டியிருந்த மீன் தலையை அவிழ்த்து அதையும் கடலில் எறிந்தாள். கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, தங்கச்சிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து கயிற்றை நீட்டினாள்.

"ஏஞ்சல். நோ மோர் கிராப். லுக், எம்ப்ட்டி. ஈசூன்?"

ஏஞ்சல் கத்துவது உடனே நிற்கவில்லை. கதைகளில்தான் உடனே நிற்கும். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றேன். சேவியர் கைப்பேசியில் டாக்ஸியைத் தேடுவது போல நடித்துக்கொண்டு நின்றார். ஜெனி கயிற்றை நீட்டியபடியே இருந்தாள். கத்தல் விம்மலாகி, விம்மல் மூச்சாகி, கடைசியில் ஒரு கை காதிலிருந்து இறங்கிக் கயிற்றைப் பிடித்தது.

"காத்திப்" என்றாள் ஏஞ்சல், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

இரை இல்லாமல் வேட்டை

பிறகு நாங்கள் செய்ததைப் பார்த்தவர்கள் எங்களுக்குக் கழன்றுவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். நாலு பேர், ஒரு வலை, அதில் இரை கிடையாது. இறக்குகிறோம். காத்திருக்கிறோம். இழுக்கிறோம். ஒன்றும் இல்லை. மறுபடி இறக்குகிறோம்.

நைலான் நாற்காலி ஆன்ட்டி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்தே வந்துவிட்டார். வலையைத் திருப்பிப் பார்த்து, "நோ பெய்ட்! ஹவ் டு கேட்ச்?" என்று எங்களுக்காக வருத்தப்பட்டார்.

"டோன்ட் வான்ட் டு கேட்ச், ஆன்ட்டி" என்றாள் ஜெனி.

ஆன்ட்டி சேவியரைப் பார்த்தார். சேவியர் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. ஆன்ட்டி தலையில் அடித்துக்கொண்டு போய், திரும்பி வந்து, பிள்ளைகளுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கெட் கொடுத்துவிட்டுப் போனார். பைத்தியங்களுக்குப் பசிக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

நாங்கள் முறை போட்டுக்கொண்டோம். ஏஞ்சல் கயிறு விடுவாள், ஜெனி இழுப்பாள். அப்புறம் சேவியர். அப்புறம் நான். முதல் தடவை நான் இழுத்தபோது பீஷானை விட்டுவிட்டேன் என்று ஏஞ்சல் என்னை மறுபடி இறக்க வைத்தாள். கயிறு ஈரமாக, கனமாக இருந்தது. காற்று முகத்தில் உப்பாக அடித்தது. தூரத்தில் கப்பல்கள் வரிசையாக நின்றன. நாலு பேரும் ஒரே சுவரில் சாய்ந்துகொண்டு நின்றோம். யாரும் யாருக்கும் ஷிப்ட் மாற்றவில்லை.

பாக்சிக் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். போகும்போது எங்கள் வாளியை எட்டிப் பார்த்தார். வெறும் வாளி. மஞ்சள் கழுத்து டப்பாவைச் சுட்டிக்காட்டி, "அதையாவது கறி வைங்க" என்றார்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை, பாக்சிக்" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, சிரித்துவிட்டுப் போனார்.

நான் மணி பார்க்க மறந்துவிட்டேன். வெளியே போனால் நிமிஷத்துக்கு நிமிஷம் மணி பார்க்கிறவள் நான். தலையை நிமிர்த்தியபோது வெயில் இறங்கிக் கடல் மங்கியிருந்தது.

ஜெனி என் தோளில் சாய்ந்தாள். "மா, போலாமா? பசிக்குது. காலு வேற வலிக்குது."

இந்தத் தடவை கிளம்பலாம் என்று கேட்டது ஜெனி என்பது எனக்கு உடனே உறைக்கவில்லை. சேவியருக்கு என்னைவிட முன்னால் புரிந்துவிட்டது, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இருடி, தங்கச்சி இன்னும் முடிக்கல" என்றேன்.

ஏஞ்சல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கயிற்றை மறுபடி விட ஆரம்பித்திருந்தாள். "ஈசூன். காத்திப்."

ஜெனி பொத்தென்று தரையில் உட்கார்ந்தாள். "சே, எல்லாம் இவளாலதான் லேட்டு லா!" என்று முணுமுணுத்தாள். ஊரில் எல்லா அக்காவும் எல்லாத் தங்கச்சியையும் திட்டுகிற அதே திட்டு. எங்கள் வீட்டில் அதை நான் கேட்டது அன்றைக்குத்தான்.